மணி அடிக்கும்வரை வராத 'ஆனால்'

அன்புள்ள தங்கை கிளாடெட்டுக்கு, அண்ணன் லூசியன் எழுதுவது. நான் நலம், முழங்கால்தான் நலமில்லை. நீயும் மாப்பிள்ளையும் மெய்ன் பனியில் வழுக்கி விழாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

நாளை காலை ஊர்சபை ஆட்கள் வந்து என் வாத்து டச்சஸைப் பற்றி முடிவு சொல்லப்போகிறார்கள். கொண்டுபோய்விடுவார்கள் என்றே தோன்றுகிறது. ஒரு வாத்துக்கா இவ்வளவு பயம் என்று கேட்காதே. உன் அண்ணி ஆன்-மேரி போய்ச்சேர்ந்தபிறகு இந்த வீட்டில் என்னைப் பார்த்துக் கத்த அவள் ஒருத்திதான் இருக்கிறாள்.

பக்கத்து வீட்டு ஐரீன் பெல்கி டச்சஸ்மேல் புகார் கொடுத்துவிட்டாள், மார்ச் ஊர்க்கூட்டத்தில் இரண்டு பேரும் எழுதிவந்து வாசிக்க வேண்டும், ஆளுக்கு இரண்டே நிமிடம், மீறினால் தலைவர் மணியடித்துவிடுவார் என்றார்கள். முப்பது வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவனுக்கு எழுத என்ன தெரியும், அதனால் நூலகத்தில் சனிக்கிழமைதோறும் ஹாத்தவே அம்மாள் நடத்தும் எழுத்து வகுப்பில் சேர்ந்தேன், போனால் முன்வரிசையில் ஐரீன்! அந்த அம்மாள், "எதிராளி சொல்றதுல நியாயம் இருந்தா தாராளமா ஒத்துக்கோங்க. ஆனா முதல் வார்த்தையே 'ஆல்தோ'ன்னு, அதான் 'இருந்தாலும்'னு, போட்டுடுங்க. பின்னாடி மறுப்பு வருதுன்னு கேக்கறவங்களுக்கு அப்பதான் புரியும்" என்றாள். எனக்கு அது எடுத்த எடுப்பிலேயே சண்டைக்கு நிற்பதுபோல் இருந்தது. மரியாதையாக எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு, 'ஆனால்' என்ற சொல்லை இரண்டாம் பக்கத்துக்குப் பத்திரப்படுத்தினேன்.

கூட்டத்தில், தபால்காரரைக் கடித்தது உண்மை, ஃபாதரை இரண்டு தடவை துரத்தியது உண்மை, ஐரீனின் துலிப் பூக்களைத் தின்றது உண்மை என்று வாசித்து, பக்கத்தைத் திருப்ப விரலில் எச்சில் தொட்டேன். மணி அடித்துவிட்டது.

"ஐயா, இன்னும் 'ஆனா' வரலையே!"

"அதான் எல்லாத்தையும் ஒத்துக்கிட்டியே லூசியன், உக்காரு. உன்ன மாதிரி நேர்மையான ஆள இந்த ஊரு பாத்ததே இல்ல."

எல்லாரும் கைதட்டினார்கள். எனக்குக் காது அடைத்துவிட்டது. அடுத்து ஐரீன் வாசித்ததில் ஒரு வார்த்தைகூடக் காதில் விழவில்லை.

ஞாயிறு பூசையில் டச்சஸுக்காக ஒரு மெழுகுவத்தி ஏற்று. பிள்ளைகளுக்கு என் ஆசியும் முத்தமும்.

பயத்துடன்,
உன் அண்ணன் லூசியன்

பி.கு.: மெழுகுவத்தி வேண்டாம். உறையை ஒட்டுவதற்குள் விடிந்து, ஆட்களும் வந்துவிட்டார்கள். அவர்கள் சொல்லித்தான் தெரிந்தது, ஐரீனும் என்னைப்போலவே 'ஆனால்' என்பதை இரண்டாம் பக்கத்துக்கு வைத்து எழுதியிருக்கிறாள். வாத்து அழகு, திருடனை அண்டவிடாது, அது கத்தினால்தான் தனக்குப் பொழுதே விடிகிறது என்று ஒப்புக்கொண்டே போய் அவளும் மணி வாங்கியிருக்கிறாள். இரண்டையும் குறிப்பேட்டில் அப்படியே எழுதிக்கொண்டவர்கள், வாத்தை என்னிடமிருந்து எடுத்து அவளிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். நான் அழுதே விட்டேன். முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை, கிழிந்த காலுறையும் அக்குளில் வாத்துமாக ஐரீன் வாசலில் நிற்கிறாள். "லூசியன், இத நீயே வச்சுக்கோ. தப்பு என்னோடதுதான், ஒத்துக்கறேன், ஆனா..." என்றாள்.

ஆன்-மேரி என்னைச் சாப்பிடக் கூப்பிட அடிக்கும் மணி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. எடுத்து அடித்துவிட்டேன்.