மூங்கில் குலத்து மாப்பிள்ளை

அனிருத்தின் கோட்டையைத் தரைமட்டமாக்காமல் ஓய்வதில்லை என்று சபதம் எடுத்தேன். எடுத்த இடம், வெஸ்ட் வின்ட்சரில் எங்கள் வீட்டு கராஜ்.

அனிருத் பக்கத்துத் தெருப் பையன். குடுமி வேறு வைத்திருக்கிறான். சனிக்கிழமைதோறும் அவன் வீட்டு பேஸ்மென்ட்டில் நாலு பேர் கூடி, பழைய ஜப்பானின் சாமுராய்க் குலங்களாக வேஷம் கட்டிப் பகடை உருட்டுவார்கள். என் மனைவி மானஸா மூங்கில் குலத்து வீராங்கனை. அவன் அந்தக் குலத்துப் பிரபு. போனில்கூட ‘உத்தரவு பிரபு’ என்று குழைவாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் உத்தரவு எதுவும் எங்கள் வீட்டில் செல்லுபடியானதில்லை. அவனோ அவளை மானஸா என்பான், என்னை அங்கிள் என்பான். எனக்கு வயிறு எரிந்தது.

“இந்த வாரம் நானும் வரேன்.”

“உங்களுக்குப் போர் அடிக்கும்.”

“போர் பண்ணத்தான் வரேன்.”

போனேன். சிறுத்தைக் குலத் தலைவன் ஆனேன். ஆனால் பகடை அவன் பக்கம். என் வாள் உறையை விட்டே வரவில்லை. சண்டையில் முடியாததைச் சம்பந்தத்தில் முடிப்போம் என்று தோன்றியது. மானஸாவை ஆட்டத்திலும் கட்டிக்கொண்டு வந்துவிட்டால் பிரபு என்ன செய்வான்?

“மூங்கில் குலத்துப் பெண்ணை எனக்குக் கட்டிக் குடுங்க. சமாதானமாப் போயிடலாம்.”

மானஸா வெட்கப்பட்டாள். எங்கள் நிஜக் கல்யாணத்தில் அவள் வெட்கப்படவில்லை.

“சம்மதம்” என்றான் அனிருத். “ஆனா எங்க குலத்துல ஆண் வாரிசு இல்ல. அந்தக் கால ஜப்பான் வழக்கப்படி மாப்பிள்ளை எங்க குலப் பேரை எடுத்துக்கணும். எங்க கோட்டையிலயே இருக்கணும். மாமனார் பேச்சைத் தட்டக் கூடாது.”

“வீட்டோட மாப்பிள்ளையா?”

“ஆமா. ஓகேவா?”

விளையாட்டில் ஏது மாமனார் என்று தலையாட்டினேன். ஆட்டத்தை நடத்தும் விஷாகா, “கல்யாணம் கன்ஃபர்ம்டு” என்று எழுதிக்கொண்டாள். நான் மானஸாவைப் பார்த்து மீசையை முறுக்கினேன்.

“இனிமே அந்தப் பிரபுவுக்கும் உனக்கும் என்ன சம்பந்தம்?”

“என்னங்க இப்படிக் கேக்கறீங்க? பிரபுதான் எங்கப்பா.”

“இதை முன்னாடியே சொல்லக் கூடாதா?”

“சொன்னா வந்திருப்பீங்களா? ரெண்டு மாசமா மாப்பிள்ளை தேடி யாரும் மாட்டல. அதான் போன்ல கொஞ்சம் சத்தமாப் பேசினேன்.”

அனிருத் குடுமியை நீவிவிட்டுக்கொண்டான்.

“என் பொண்ணைக் கண் கலங்காம வச்சுக்கணும், மாப்ள. இப்ப மேல போய் எல்லாருக்கும் டீ போட்டு எடுத்துட்டு வாங்க.”

“சரி மாமா” என்றேன்.