உங்கள் அண்ணன் குடித்த தண்ணீர்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதிக்கொள்வது. நலம் என்று எழுதத்தான் கை போகிறது; அவர் போன பிறகு அது பொருந்தவில்லை, இருந்தாலும் எழுதிவிட்டேன். உங்கள் வீட்டில் எல்லோரும் சௌக்கியமாக இருக்க வேண்டும். எனக்கு உங்கள் மேல் கோபமில்லை. பதிலும் வேண்டாம்.

ஆஸ்பத்திரி வார்டில் அத்தனை பேர் முன்னால், "தண்ணியக் குடுத்து எங்கண்ணனைக் கொல்லப் பாக்குறீங்களா அண்ணி?" என்று கத்திவிட்டுப் போனீர்களே, அதற்குத்தான் இது.

பக்கவாதத்தில் அவருக்கு விழுங்க முடியாமல் போனதும், வெறும் தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விடும் என்று, அதில் ஏதோ பொடியைக் கலந்து கூழாக்கித்தான் கொடுத்தார்கள். வாய் குழறினாலும் விடாமல், "இத வச்சு நோட்டீஸ் ஒட்டலாமே" என்பார். அப்புறம் விழுங்கப் பயிற்சி கொடுக்கிற டாக்டரம்மா வந்து, சாப்பாட்டுக்கு ஒரு குழாய், மூச்சுக்கு ஒரு குழாய், நடுவில் மூடி சரியாக மூடவில்லை என்று படம் போட ஆரம்பித்ததும், உங்கள் அண்ணன் குழாய்க்காரர் இல்லையா, "வாஷர் போச்சுன்னு சொல்லுங்கம்மா" என்றார். அந்தம்மா சிரித்துவிட்டு, நன்றாகச் சோதித்துப் பார்த்து, "எல்லாருக்கும் தர மாட்டோம், இவருக்கு வெறும் தண்ணி தரலாம். நிமிந்து உக்காரணும், சாப்பாட்டோட கூடாது. கொஞ்சம் தப்பி நுரையீரலுக்குப் போனாலும் உடம்பே அத உறிஞ்சிக்கும். வாயில இருக்குற அழுக்கும் சேந்து போனாத்தான் ஆபத்து. அதனால பல்லு விளக்கிட்டுத்தான்" என்றது. "டேங்க் கழுவாம குழாயைக் குத்தம் சொல்லக்கூடாது" என்றார் இவர். கல்யாணமான நாளிலிருந்து பல் விளக்குங்கள் என்று கத்தியவள் நான், அசைந்ததில்லை. ஒரு டம்ளர் தண்ணீருக்காக அந்த மனுஷன் பச்சைக்குழந்தை மாதிரி வாயைத் திறந்து காட்டினார் தம்பி!

டம்ளரைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். ஊருக்கெல்லாம் குழாய் போட்டவர், தண்ணீரை அன்றுதான் கண்டவர் போலப் பார்த்தார். ஒரு வாய் குடித்தார். இருமவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். தண்ணீருக்கு இவ்வளவு மகிமையா என்று மலைத்துப்போய் நின்றேன். அடுத்த வாய் குடிக்கும்போதுதான் நீங்கள் உள்ளே வந்தீர்கள்.

அவர் போனது மூளையில் மறுபடி ரத்தம் அடைத்து. நுரையீரல் சுத்தமாக இருந்தது என்று பெரிய டாக்டரே சொன்னார். தண்ணீர் அவரைக் கொல்லவில்லை தம்பி. தாகம் தீர்ந்துதான் போனார்.

உங்கள் பிள்ளைகள் தலையில் கை வைத்து நான் ஆசீர்வதித்ததாக நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
அண்ணி

பி.கு.: கோபமில்லை என்று எழுதியது பொய். நிறைய இருக்கிறது. பதில் வேண்டாம் என்றதும் பொய். சமையலறைக் குழாய் ஒழுகுகிறது. அவர் கை பட்ட குழாயில் வேறு ஆளைக் கை வைக்கவிட மனம் வரவில்லை. அவரிடம் தொழில் கற்றவர் நீங்கள்தானே, வந்து வாஷர் மாற்றுங்கள். வந்ததும் குடிக்கத் தண்ணீர் தருவேன். பல்லு விளக்கிட்டு வாங்க.