ஏழாவதாக வந்து நின்ற சல்லடை

கேட்காத உதவியைச் செய்து உயிரை எடுப்பதில் எங்கள் கொக்கி சாரை மிஞ்ச இந்த மாவட்டத்தில் ஆள் கிடையாது.

வேங்கிக்காலில் எங்கள் வெப்சைட் கம்பெனிக்கு நாங்கள் இரண்டே பேர். சேர்ந்த முதல் வாரமே, பை மாட்டுவதற்கென்று எல்லா நாற்காலி முதுகிலும் ஒரு கொக்கி அடித்தார். என் சட்டை இரண்டு கிழிந்தது. கேட்டதற்கு, எல்லாருக்கும் உதவுமே என்றார்.

கம்ப்யூட்டரிலும் அதே புத்தி. ஜாவாஸ்கிரிப்டில் பட்டியலை அரே என்போம். எல்லா அரேக்கும் பொதுவாக ஒரு மூலம் உண்டு. அங்கே எதை ஒட்டினாலும் அத்தனை பட்டியலிலும் அது வந்து உட்கார்ந்துகொள்ளும். வெற்று வரிகளை வடிகட்ட ஒரு கருவி எழுதி, ‘சல்லடை’ என்று பெயர் வைத்து, அந்த மூலத்தில் ஒட்டினார் மனிதர். என்னிடம் மூச்சு விடவில்லை.

நானோ ஒரு லாட்ஜுக்கு ரூம் புக்கிங் பக்கம் செய்துகொண்டிருந்தேன். மொத்தம் ஆறு ரூம். ஒன்று, இரண்டு என்று எண்ணிக் கேட்காமல், ‘உன்னிடம் இருப்பதையெல்லாம் சொல்லு’ என்று பட்டியலைக் கேட்கும் சோம்பேறி வழியில் எழுதியிருந்தேன். அது ஆறையும் சொல்லிவிட்டு, ஏழாவதாகச் சல்லடையையும் சொன்னது. நான் முதல் மூன்றைப் பார்த்ததுமே திருப்தியாகி டீ குடிக்கப் போய்விட்டேன்.

மலை சுற்றும் கூட்டத்தோடு பௌர்ணமி வந்தது. ஆறு ரூமும் நிரம்பின. சல்லடை மட்டும் நிரம்பவே இல்லை. இல்லாத ரூம் எப்படி நிரம்பும்? நாலு குடும்பங்கள் அதை புக் செய்துவிட்டு, மத்தியானம் ஒன்றாக வந்து இறங்கின.

லாட்ஜ்காரர் போன் செய்தார். “யோவ், சல்லடை எந்த மாடில கீது? நான் கட்டுன லாட்ஜ்ல எனக்கே தெரியாம ஒரு ரூமா? நீ இப்ப வரல, உன் கம்பெனி போர்டைக் கழட்டிடுவேன்.”

பறந்தேன். ஹெல்மெட்டைப் பின்பக்கமாக மாட்டியிருந்தது பாதி வழியில்தான் தெரிந்தது. பின்சீட்டில் கொக்கி சார், கொஞ்சமும் கூச்சமில்லாமல்:

“நான் ஒட்டுனது தப்பில்ல சார். இருக்கறதெல்லாம் சொல்லுன்னா அது சொல்லத்தான் செய்யும். நீங்க ஏன் எண்ணிக் கேக்கல?”

தள்ளிவிடலாமா என்றிருந்தது. சொன்னது உண்மை வேறு. அதனால் ஆத்திரம் ஜாஸ்தியானது.

லாட்ஜ் வாசலில் பதினேழு பேர், மூட்டை முடிச்சுகளோடு. மலை சுற்ற வந்தவர்கள் என்னைச் சுற்றி நின்றார்கள். கொக்கி சார் முன்னால் போய், ஒரு குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

“வாங்க. சல்லடை நம்ம வீடுதான். அடி அண்ணாமலைல, மலை சுத்தற ரோட்டு மேலயே.”

அந்த வீட்டில் இருப்பதே இரண்டு அறை, ஒரு மொட்டை மாடி. விஷயத்தைக் கேட்டு மனைவி என்ன சொன்னாரோ, கொக்கி சார் போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்திருந்தார். ஆனால் நாலு குடும்பமும் சாப்பிட்டுவிட்டுத்தான் மலை சுற்றக் கிளம்பியது.

பக்கத்தை அன்றே திருத்திவிட்டேன். கொக்கி சாரும் வேறு வேலைக்குப் போய்விட்டார். இன்றும் பௌர்ணமி நெருங்கினால் அந்தக் குடும்பங்களில் யாராவது என்னைக் கூப்பிட்டு, அந்த சார் வீட்டில் இடமிருக்குமா என்கிறார்கள். லாட்ஜில் நல்ல ரூம் காலி என்றால் காதிலேயே வாங்குவதில்லை. எரிச்சலாக வருகிறது. எரிச்சலோடுதான் அவர் நம்பரைச் சொல்கிறேன். பார்க்காமலே சொல்கிறேன்.