தளபதிக்குப் பத்துக்குப் பத்து

மனித இனம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதெல்லாம் சின்னப்பிள்ளைச் சமாசாரம். காசு கொடுத்துப் பொம்மை வாங்கி, அதோடு விளையாடாமலேயே இருக்கலாம் என்று என்றைக்குக் கண்டுபிடித்ததோ, அன்றைக்குத்தான் அதற்கு மீசை முளைத்தது.

அப்படி மீசை முளைத்தவர்களில் முதல்வர் நம் பெட்டிக்காரர். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். காப்பீட்டு அலுவலகத்தில் பிரிவு மேலாளர். வீட்டில் ஒரு கண்ணாடி அலமாரிக்கு மேலாளர். அதன் நடுத்தட்டில், ஒட்டிய டேப்கூடப் பிரியாத பெட்டிக்குள், நான்கு கையும் ஒற்றைச் சிவப்புக் கண்ணுமாக ‘அண்டவெளித் தளபதி’ நின்றுகொண்டிருந்தார். பெட்டியின் முகப்பில் பிளாஸ்டிக் ஜன்னல். அதற்குக் கீழே, ‘நெஞ்சை அழுத்துங்கள், தளபதி உங்களோடு பேசுவார்!’ என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது. இதுவரை யாரும் அழுத்தவில்லை. தளபதியும் மரியாதையாக வாயைத் திறக்கவில்லை.

தளபதி வாங்கப்பட்டது மகளின் ஆறாவது பிறந்தநாளுக்கு. அன்று சாயங்காலமே, அது ‘அரிய வெளியீடு’ என்று ஒரு நண்பர் காதில் ஓதிவிட்டார். அவ்வளவுதான், பரிசு அலமாரி ஏறிவிட்டது. “நீ வளர்ந்ததும் தர்றேன் பாப்பா” என்றார். பாப்பா வளர்ந்தாள், படித்தாள், வேலைக்குப் போனாள், கல்யாணமும் ஆயிற்று. பெட்டிக்காரர் வாக்குத் தவறாதவர். தரமாட்டேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

அன்றைக்கு, பொம்மைகளுக்கு மார்க் போடும் மதிப்பீட்டாளர் வருகிறார். ‘பிரிக்காப் பொம்மைப் பேரவை’க்குத் தலைவராக வேண்டுமானால், பத்துக்குப் பத்து வாங்கிய பொம்மை ஒன்றாவது கைவசம் இருக்க வேண்டும். ஒன்பதரை வாங்கியவர்கள் வெறும் உறுப்பினர்கள். அதற்கும் கீழே வாங்கியவர்கள், பாவம், பெற்றோர்கள்.

சொல்லிவைத்தாற்போல் அதே நாளில் மகளும் வந்து நின்றாள். கணவனுக்கு வெளிநாட்டில் வேலை. மறுநாள் விமானம். வாசலில் டாக்சி காத்திருந்தது.

“அப்பா, நான் வேற எதுவும் கேக்கலை. என் தளபதியை மட்டும் குடுத்துடுங்க.”

“கொஞ்சம் பொறும்மா. மார்க் போட்டு முடிக்கட்டும்.”

“மார்க் போட்டா குடுப்பீங்களா?”

“மார்க் போட்டப்புறம் எப்படிம்மா குடுக்கிறது?”

மதிப்பீட்டாளர் வந்தார். வெள்ளைக் கையுறை, முகக்கவசம், பூதக்கண்ணாடி, டார்ச். அறுவை சிகிச்சைக்கு வந்தவரைப் போல, “யாரும் பெட்டி மேல மூச்சு விடாதீங்க” என்றார். அந்த வீட்டில் எல்லோருக்கும் அது பழக்கம்தான்.

மூலைகளைத் தடவினார். டேப்பை முகர்ந்தார். பெட்டிக்காரரின் மனைவி அடக்கமாகக் கேட்டாள்: “அது பேசுதான்னு பாக்க வேண்டாமா சார்?”

“பேசிட்டா அது ‘பயன்படுத்தப்பட்ட’ பொம்மைம்மா! ‘பேசும் என நம்பப்படுகிறது’ன்னு எழுதுவோம். அதுதான் முறை.”

“பேட்டரி கசிஞ்சு உள்ளுக்குள்ளயே வீணாப் போயிருந்தா?”

“பொம்மை எப்படியும் போகட்டும். பெட்டி மூலை மடங்கக் கூடாது.”

பெட்டிக்காரருக்கு உச்சி குளிர்ந்தது. விஷயம் தெரிந்த மனிதர்!

அப்போது டார்ச்சைச் சாய்த்துப் பிடித்த மதிப்பீட்டாளர் “அடடா” என்றார்.

“என்ன சார்?” பெட்டிக்காரர் பக்கத்தில் ஓடி வந்தார்.

“ஜன்னல்ல தடம். ஒரு மூக்கு. கீழே ரெண்டு உதடு. சின்ன சைஸ்.” குரலைத் தாழ்த்தினார். “கேக்கிறேன்னு தப்பா நினைக்காதீங்க. இந்த வீட்ல எப்பவாச்சும் குழந்தை இருந்துச்சா?”

பெட்டிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். “ஒண்ணு இருந்துச்சு சார். ஒண்ணே ஒண்ணுதான்.”

மனைவி முன்னால் வந்தாள். “இவதான் சார். அலமாரியில வைக்கிறதுக்கு முன்னாடி, பெட்டியை மடியில வச்சுக்கிட்டு, ஜன்னல்ல மூக்கை அழுத்தி அதுகூடப் பேசிக்கிட்டே இருந்தா. கடைசியா ஒரு முத்தம் குடுத்துட்டு இவர் கையில குடுத்தா.”

“அரை மார்க் போச்சு” என்றார் மதிப்பீட்டாளர்.

“துடைச்சிட்டா?”

“வெளிப்பக்கம்தான். தாராளமா துடைக்கலாம். விதியில தடையில்லை.”

மகள் அவசரமாகக் குறுக்கே கையை நீட்டினாள். “அப்பா, சரி, பொம்மையை நீங்களே வச்சுக்குங்க. நான் கேக்கவே இல்லை. அதை மட்டும் துடைக்காதீங்கப்பா. அது நான்.”

பெட்டிக்காரர் மகளைப் பார்த்தார். மனசு ஒரு நிமிஷம் இளகத்தான் செய்தது, அவரும் மனுஷர்தானே. ஆனால் ஒன்பதரைக்கும் பத்துக்கும் நடுவில் ஒரு லட்சியவாதி எவ்வளவு நேரம் நிற்க முடியும்? மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணியை எடுத்தார். “ஹா” என்று ஊதினார். அந்தப் பெட்டியின் மேல் அவர் விட்ட முதல் மூச்சு அது. மூக்கும் உதடும் ஒருகணம் தெளிவாகப் பூத்தன. துடைத்துவிட்டார்.

மகள் கையை எடுத்துக்கொண்டாள். “வரேம்மா” என்று அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

“போயிட்டு வா பாப்பா!” என்றார் பெட்டிக்காரர், பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமலே. “கதவை மெதுவா சாத்து, அலமாரி அதிரும்.”

அவள் மெதுவாகத்தான் சாத்தினாள். சொன்ன பேச்சு கேட்டு வளர்ந்த பெண். டாக்சி கிளம்பும் சத்தம் கேட்டது.

மதிப்பீட்டாளர் மறுபடி டார்ச் அடித்துப் பார்த்தார். திருப்தியாகக் கனைத்துக்கொண்டு, எழுந்து நின்று தீர்ப்பை வாசித்தார்:

“பெட்டி, மாசற்றது. மூலைகள், கூர்மை. இவ்வீட்டில் ஒரு குழந்தை இருந்ததற்கான தடயம் ஏதும் இல்லை. பத்துக்குப் பத்து. வாழ்த்துகள், தலைவரே!”

பெட்டிக்காரர் புல்லரித்துப்போய்க் கைகூப்பினார். கதவோரம் நின்றிருந்த மனைவி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

“சார், அந்தத் தடயம்னு வந்துச்சே, அந்த வரியை மட்டும் இன்னொரு தடவை சத்தமா படிங்க. தலைவருக்குக் காதுல விழலை போலிருக்கு.”