கண்ணை மூடிக் கேட்ட பாட்டு

தனக்குத் தெரியாத விஷயத்தில்தான் மனிதன் அதிகம் சத்தம் போடுவான். பிள்ளைகளே, இதை நான் கண்டுபிடித்த இடம், உங்கள் அம்மாவைப் பெண் பார்க்கப் போன அரியலூர் வீடு.

அப்போது எனக்கு ஒரே இசையமைப்பாளர்தான். பெரியவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்குப் பின் வந்து ஊரையே ஆட வைத்தவர் சின்னவர். பெரியவருடையது மெட்டு, சின்னவருடையது டப்பா சத்தம் என்பது என் தீர்ப்பு. (ஆர்மோனியத்தில் எந்தப் பக்கம் காற்று போகும் என்றுகூட எனக்குத் தெரியாது.) பெரம்பலூரிலிருந்து போன பஸ்ஸில் சின்னவர் பாட்டைப் போட்டதற்காகக் கண்டக்டரிடம் சண்டை பிடித்துவிட்டுத்தான் அந்த வீட்டுக்குள் நுழைந்தேன்.

அதற்கு முன் பார்த்த இடமெல்லாம் தட்டிப்போயிருந்தது. "இங்கயாவது வாயை மூடிக்கிட்டு இரு" என்று சொல்லித்தான் பெரியப்பா அழைத்துப் போனார். கேசரி வந்தது. பெண்ணின் அப்பா பேச்சுக்கு, "இப்ப சின்னவருக்குத்தான் கூட்டம் அதிகம், இல்லீங்களா?" என்றார்.

"கூட்டத்த வச்சுச் சொன்னா, சிறுவாச்சூர் கோயில் வாசல்ல செருப்பு பாத்துக்கிறவருதாங்க பெரிய மேதை" என்றேன். பெரியப்பா என் காலை மிதித்தார்.

கேசரி கொண்டுவந்த உங்கள் அம்மா செல்போனில் ஒரு பாட்டைப் போட்டாள். "இது எப்படிங்க இருக்கு?"

கண்ணை மூடினேன். நிஜமாகவே கலங்கிவிட்டது. "சரணம் உச்சிக்கு ஏறிட்டு, பல்லவிக்கு எப்படி அலுங்காம எறங்குது பாருங்க. நடுவுல புல்லாங்குழல் வந்து, பாடுறவங்க மூச்சு விட எடம் கொடுக்குது. இதெல்லாம் பெரியவரைத் தவிர ஒருத்தராலயும் முடியாதுங்க."

"இது சின்னவர் போட்டதுங்க."

மேசை விசிறி மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையை ஆட்டியது.

"டேய், கேசரியச் சாப்புடு" என்றார் பெரியப்பா.

"போயிட்டு வாங்க, சொல்லி அனுப்புறோம்" என்றார் பெண்ணின் அப்பா. (இதற்கு என்ன அர்த்தம் என்பதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு.) வாசலில் செருப்பைத் தேடியவன், போனது போயிற்று என்று திரும்பி, "அந்தப் பாட்ட இன்னொரு தடவ போடுறீங்களா?" என்று கேட்டுவிட்டேன். ஒரு காலில் செருப்போடு முழுப் பாட்டையும் கேட்டேன். இரண்டாம் முறையும் கண் கலங்கியது. அதுதான் பெரிய அவமானம்.

மறுநாள் சம்மதம் என்று போன் வந்தது. "யாரு போட்டதுன்னு தெரிஞ்ச பெறகும் கேட்டாருல்ல, அது போதும்ப்பா" என்றாளாம் உங்கள் அம்மா.

இன்றைக்கும் நான் இலையில் உட்கார்ந்து "ரசம் பிரமாதம்" என்று ஆரம்பித்தால், "யாரு வச்சதுன்னு கேட்டுக்கிட்டுப் பாராட்டுங்க" என்கிறாள். நீங்களும் சேர்ந்து சிரிக்கிறீர்கள். போன வாரம் கேட்காமல் பாராட்டி, கண்ணையும் மூடிவிட்டேன்.

"பக்கத்து வூட்டு ரசம்ங்க அது" என்றாள்.