எதிர்க்கடையில் உட்கார்ந்து சிப்ஸ் ஆராய்ந்த கதை

ஒருவரைப் பற்றி அவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்வது சர்வே. கேட்காமல் தள்ளி நின்று பார்ப்பது அப்சர்வேஷன். எம்பிஏ-வில் இதைப் பக்கம் பக்கமாகச் சொல்லிக்கொடுத்தார்கள். தென்காசிப் பக்கம் ஒரு பெண்பிள்ளை எந்தக் கடையையும் உற்றுப் பார்க்கக் கூடாது என்று மட்டும் ஒரு பாவியும் சொல்லவில்லை.

சிப்ஸ் கம்பெனியில் முதல் வேலை. குற்றாலத்துக்கு வருகிறவர்கள் எதை வைத்துக் கடையைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று கண்டுபிடித்தால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் சுரண்டைக்குத் திரும்பி, அப்பா காட்டும் மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்ட வேண்டும்.

முதலில் சர்வேதான் செய்தேன். அருவியில் குளித்துவிட்டுப் பல் தந்தியடிக்க வந்தவர்களை மறித்து உப்பு எப்படி, விலை எப்படி என்று கேட்டேன். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஆள விடு தாயி" என்றார்கள். (சிப்ஸே வாங்காதவர்களும் அதையேதான் சொன்னார்கள்.)

சரி, அப்சர்வேஷன் என்று முடிவெடுத்து, கூட்டம் அள்ளும் ஒரு நேந்திரம் சிப்ஸ் கடைக்கு எதிரே, ஜூஸ் கடையில் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்தேன். முதல் நாள் கடைக்கார அண்ணாச்சி கைலியில் நின்று எல்லோரையும் ஏசிக்கொண்டிருந்தார். மறுநாள் வெள்ளை வேட்டி! வருகிறவர்களுக்கெல்லாம் கும்பிடு, ஒரு கை கொசுறு. கொதிக்கும் எண்ணெய்ச் சட்டி முன்னால் அவர் மகன், இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையில்.

'கொசுறுதான் ரகசியம்!' என்று துள்ளிக் குதித்து மேனேஜருக்குப் போன் போட்டேன். திருநெல்வேலியிலிருந்து மனிதர் நரைத்த மீசையோடு வந்து இறங்கியதுதான் தாமதம், அண்ணாச்சி ரோட்டைத் தாண்டி ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன் இங்கனயே நிக்கீய? உள்ள வாங்க! ஒங்க மக எல்லாத்தையும் பாத்துட்டா. எங்களுக்குப் பரிபூரண சம்மதம்!"

(எங்கள் ஊரில் சம்பந்தம் பேசுமுன் பெண் வீட்டார் எதிர்க்கடையில் உட்கார்ந்து மாப்பிள்ளையை நோட்டம் விடுவார்கள். இது எனக்கும் தெரியும். படித்த படிப்பில் மறந்து தொலைத்துவிட்டேன்.)

"என் மகளா? எங்க கம்பெனியில வேலை பாக்குத பொண்ணுய்யா இவ!" என்று மேனேஜர் அலறினார்.

"அப்ப நான் சட்டையக் கழத்தலாமாப்பா? வேகுது" என்றான் மகன்.

அண்ணாச்சி கடைக்குள் போய்ப் பழைய குரலை எடுத்தார். "கொசுறா? ஒரு பயலுக்கும் கெடையாது!"

என் கண்டுபிடிப்பு அங்கேயே செத்தது. பூமி பிளந்து என்னை விழுங்காதா என்று இருந்தது. ஆனால் கூட்டத்தில் ஒருவர்கூட நகரவில்லை. வரிசையில் நின்ற ஓர் அக்காவிடம் மேனேஜரே காரணம் கேட்டார்.

"ஏசுனா ஏசிட்டுப் போறாரு. கண்ணு முன்னால சுடச்சுடப் போட்டுத் தாராருல்லா!"

அதை எழுதிக் கொடுத்துத்தான் என் வேலை நிரந்தரமானது. ஆனால் நான் பஸ் ஏறுமுன்பே சேதி சுரண்டைக்குப் போய்விட்டது. அப்பா வாசலிலேயே நின்றார்.

"ஏட்டி, மாப்பிள்ளை பாக்க வேண்டாம்னுதான வேலைக்குப் போன? சம்பளம் வாங்கிட்டு அங்கன போயி மாப்பிள்ளையவா பாத்த?"

எனக்குக் கல்யாணமாகி எத்தனையோ வருஷமாயிற்று. என் வீட்டுக்காரர் யாருக்கு என்னை அறிமுகப்படுத்தினாலும் இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, "சிப்ஸ் கடைப் பையனத் தள்ளி நின்னு பாத்தா, எங்கிட்ட நேருலயே கேட்டா. நான் சர்வேயில தேறுனவன்" என்பார்.