கப்பல்காரர் வீட்டு மாப்பிள்ளை

கொள்ளுத்தாத்தாவைத் தேடுவதற்கு எத்தனையோ நல்ல நாட்கள் இருக்கின்றன. நிச்சயதார்த்தத்துக்கு முந்தைய வாரம் அவற்றில் ஒன்று அல்ல. இதை யாராவது எனக்கு முன்பே சொல்லியிருக்கலாம். (அம்மா சொன்னாள். நான்தான் கேட்கவில்லை.)

ஆரணியில் எங்கள் வீட்டுக்குக் 'கப்பல்காரர் வீடு' என்று பெயர். என் கொள்ளுத்தாத்தா கன்னியப்பன், கரும்புத் தோட்ட வேலைக்கு மொரீசியஸ் போய், கப்பலேறித் திரும்பி வந்தவர் என்பது தெரு முழுக்கத் தெரிந்த சரித்திரம். அவர் கொண்டுவந்த தகரப்பெட்டி பரணில் இருந்தது. ஆயுத பூஜைக்குத் தறிக்குப் பொட்டு வைக்கும்போது பெட்டிக்கும் ஒரு பொட்டு உண்டு.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஆரணியை ஒட்டியிருக்கும் முள்ளிப்பட்டில் எனக்குப் பெண் பார்த்தார்கள். கலைவாணி காபி கொண்டுவந்தபோது நான் எழுந்திருக்கவே இல்லை. எழுந்தால் என் உயரம் தெரிந்துவிடும் என்று அம்மா கண்ணாலேயே உத்தரவு போட்டிருந்தாள். ஆனால் நிச்சயத்தன்று எப்படியும் நின்றாக வேண்டுமே! உடம்பில் இல்லாத உயரத்தைப் பரம்பரையில் காட்டிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

பிரவுசிங் சென்டரே கதி என்று கிடந்தேன். பழைய கப்பல் பயணிகளின் பட்டியல்களைச் சேகரிப்பதையே பொழுதுபோக்காக வைத்திருந்த ஒரு வெளிநாட்டுப் புண்ணியவானுக்கு ஈமெயில் எழுதினேன். அவர் ஒரு பக்கத்தை ஸ்கேன் செய்து அனுப்பினார். மொரீசியஸிலிருந்து சென்னை. பெயர் கன்னியப்பன், தகப்பன் பெயர் ஏழுமலை, ஊர் ஆரணி. நான் போட்ட கூச்சலில் பக்கத்துத் தடுப்பில் இருந்தவர் போலீஸ் வந்துவிட்டதென்று கம்ப்யூட்டரையே அணைத்துவிட்டார்.

தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது எங்கள் வழக்கம். அப்பா கன்னியப்பன், நான் ஏழுமலை, எனக்கு மகன் பிறந்தால் கன்னியப்பன். எங்கள் வம்சத்தில் பெயருக்காக யாரும் மூளையைக் கசக்கியதில்லை. சுற்றுவட்டாரத்தில் பாதி வீடுகளில் இதே வழக்கம், இதே பெயர்கள் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. அந்த ஒரு வரிக்கு மட்டும் மஞ்சள் பூசி, லேமினேஷன் செய்துகொண்டு வந்தேன். அப்பா அதைப் பார்த்ததும் முகம் வெளுத்துப் போனார்.

"இத எதுக்குடா நோண்டிகினு இருக்க? பேசாம உள்ள வை" என்றார். பாவம், தாத்தா ஞாபகத்தில் தழுதழுக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

நிச்சயம் பெண் வீட்டில். தட்டு மாற்றப் போகும் நேரத்தில் லேமினேஷனை எடுத்துப் பெண்ணின் அப்பாவிடம் நீட்டினேன். மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தார். எங்கள் பக்கம் ஒரே கைதட்டல். நான் அடக்கமாகச் சிரித்தேன். (கண்ணாடி முன் நின்று பழகிய சிரிப்பு.) மாமா அதோடு நிறுத்தாமல் அடுத்த வரிக்குப் போனார்.

"மனைவி மங்கம்மா. மகன் ராஜகோபால், வயசு ரெண்டு."

அடுத்த வரி என்று ஒன்று இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

"இன்னாங்க இது? ராஜகோபால் எங்க அப்பாவாச்சே! மங்கம்மா எங்க ஆயா. அப்ப இந்தக் கன்னியப்பன் எங்க தாத்தாங்க!" என்றார் மாமா.

அவருடைய அக்கா விரல்விட்டு முறை பார்த்தார். "அவரு உங்களுக்கும் தாத்தா, எங்களுக்கும் தாத்தான்னா நாம பங்காளிங்க. பையன் பொண்ணுக்கு அண்ணன் ஆவறான்!"

தட்டை நீட்டிய என் தாய்மாமன் அப்படியே பின்வாங்கினார். குலதெய்வம் வேறு வேறு என்று பார்த்துத்தானே பேசினோம் என்று அம்மா அழ ஆரம்பித்தாள். "கடல் தாண்டிப் போனவரு இங்க ஒண்ணு அங்க ஒண்ணு வச்சிக்கினு, ஒரு குடும்பத்துக்கு சாமிய மாத்தி விட்டிருப்பாரு" என்றார் அந்த அக்கா. காலையிலிருந்து "மாப்ள, மாப்ள" என்று உருகிய கலைவாணியின் அண்ணன், "தம்பி, கொஞ்சம் தள்ளி உக்காரு" என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தப் பெண்ணை எனக்கு நிஜமாகவே பிடித்திருந்தது. போனில் பேசியபோதெல்லாம் அவள் என்னைக் கிண்டல் செய்திருந்தாள், நானும் கூச்சமில்லாமல் அதை ரசித்திருந்தேன்.

அப்போது உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது. "அப்பா, அதுல உயரம் எதுனா போட்டிருக்குதா பாருங்க."

மாமா தேடினார். "அஞ்சடி பதினோரு இன்ச்."

கூடம் முழுவதும் எங்கள் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தது. அப்பா, சித்தப்பா, நான். ஒருவர் காலும் தரையைத் தொடவில்லை. எங்கேயோ ஒரு சிரிப்பு வெடித்தது.

மாமாவின் அக்கா மட்டும் விடவில்லை. "உயரம் தாய்வழியில கொறஞ்சிருக்கும்" என்றார்.

அப்பா எழுந்து நின்றார். (பெரிய வித்தியாசம் தெரியவில்லை.) "எங்க தாத்தா கப்பலே ஏறலைங்க" என்றார். "மெட்ராஸ் துறைமுகம் வரைக்கும் போனாரு. கப்பலப் பார்த்தாரு, அலையப் பார்த்தாரு, பயந்துட்டாரு. ஊருக்குத் திரும்ப வெக்கப்பட்டுக்கினு அங்கயே சாயப்பட்டறையில கொஞ்ச வருஷம் இருந்துட்டு ரயில்ல வந்தாரு. பெட்டியும் மெட்ராஸ்ல வாங்கினதுதான். எங்க அப்பா என்கிட்ட சத்தியம் வாங்கிக்கினு சொன்னது."

மூன்று தலைமுறைக் கௌரவத்தை எனக்காக ஒரே மூச்சில் இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தார். அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அப்ப எங்க தாத்தாவத் தேடிப் புடிச்சிக் குடுத்த மாப்பிள்ளைங்க இவரு! யாருனா இன்னொரு பேப்பர் எடுக்கறதுக்குள்ள ஜல்தியா தட்ட மாத்துங்க!"

லேமினேஷன் இப்போது முள்ளிப்பட்டில் மாமனார் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. கப்பல்காரர் வீடு என்ற பெயரும் அங்கேயே போய்விட்டது. எங்கள் பெட்டியில் வெங்காயம் கொட்டி வைத்திருக்கிறோம்.

கலைவாணி என்னைச் சாதாரணமாக "என்னங்க" என்றுதான் கூப்பிடுவாள். கோபம் வந்தால் மட்டும் "அண்ணா". போன வாரம் நான் காஸ் புக் செய்ய மறந்துவிட்டேன். பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த அம்மாள் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போதே, "அண்ணா, காஸ் தீந்துபோச்சு" என்று சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள்.

அந்த அம்மாள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என்னிடம் அக்கறையாகக் கேட்டார்: "உங்க தங்கச்சி ரொம்ப நல்ல மாதிரிங்க. ஆமா, உங்க வீட்டுக்காரம்மா எப்ப வருவாங்க?"